மெடிக்கல் போர்டுக்குப் போவதற்கு முன்: அரசு ஊழியரின் உடல் இயலாமை ஓய்வும் சட்ட உதவியும்

அரசுப் பேருந்து ஓட்டுநருக்குப் பார்வை மங்குகிறது. மின்கம்பத்தில் ஏறிய லைன்மேனுக்கு ஷாக் அடித்து, முழங்கைக்குக் கீழே கையை எடுத்துவிடுகிறார்கள். வாய்க்கால் கரையில் மதகு மதகாகச் சுற்றிக்கொண்டிருந்த லஸ்கருக்குப் பக்கவாதம். மூன்று பேருக்கும் அலுவலகத்தில் கிடைக்கிற முதல் யோசனை ஒன்றேதான்: “மெடிக்கல் போர்டு போட்டு இன்வேலிடேஷன்ல போயிடுங்க. பென்ஷன் வரும், பையனுக்கு வேலையும் கேட்கலாம்.”

இன்வேலிடேஷன் என்றால் மெடிக்கல் போர்டு, அதாவது மருத்துவக் குழு தரும் சான்றின் பேரில் உடல் இயலாமை ஓய்வு. சொல்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் சட்டம் வைத்திருக்கும் வரிசை வேறு. முதலில் வேலையைக் காப்பாற்ற வேண்டும். எந்த வேலையும் செய்யவே முடியாது என்ற நிலையில்தான் ஓய்வு. வக்கீலைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் ஓய்வு ஆணை கைக்கு வந்த பிறகே வருகிறார்கள். அதற்குள் வழக்கில் பாதி முடிவாகிவிடுகிறது. ஊழியரே எழுதிக் கொடுத்த விண்ணப்பமும், மருத்துவக் குழு எழுதிய இரண்டு வரியும் கோப்பில் ஏறிவிட்டால் பிறகு அவற்றை எதிர்த்தே வாதாட வேண்டியிருக்கும். சட்ட ஆலோசனைக்குச் சரியான நேரம் போர்டுக்கு அனுப்பும் கடிதம் தயாராவதற்கு முந்தைய வாரம்.

பிரிவு 20(4) என்ன சொல்கிறது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அடுத்த ஆண்டு ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. பணியில் இருக்கும்போது உடல் குறைபாடு ஏற்பட்ட ஊழியரை அரசு நிறுவனம் எதுவும் வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது பிரிவு 20(4). இருக்கும் பணிக்கு அவர் ஏற்றவராக இல்லையென்றால், அதே ஊதிய விகிதத்தோடும் பணிப் பலன்களோடும் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். வேறு பணியும் இல்லையென்றால், ஏற்ற இடம் கிடைக்கும் வரை அல்லது ஓய்வு வயது வரும் வரை, எது முந்தியோ அதுவரை, மிகைப் பணியிடத்தில் (அவருக்காகவே கூடுதலாக உருவாக்கும் இடத்தில்) வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆகவே “காலியிடம் இல்லை” என்பது மறுப்பதற்கான காரணமாகாது. அந்தப் பதிலுக்குச் சட்டமே அடுத்த படியை வைத்திருக்கிறது.

இதற்கு முன்பிருந்த 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவிலும் இதே பாதுகாப்பு இருந்தது. குணால் சிங் வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஒருவர் இயலாமை ஓய்வூதியம் பெற்றுவிட்டார் என்பதாலேயே அவர் இந்தப் பாதுகாப்பை இழந்துவிட மாட்டார். ஒரு காலை இழந்த காவலரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவரை மாற்றுப் பணியில் வைத்திருக்க வேண்டும் என்பதே தீர்ப்பு. பென்ஷன் வாங்கத் தொடங்கியவர்களும் ஒருமுறை வக்கீலிடம் கோப்பைக் காட்டுவது வீண்போகாது என்பதற்கு இந்தத் தீர்ப்பே காரணம்.

அலுவலகங்கள் அடிக்கடி சொல்லும் இன்னொன்று: “உங்களுக்கு 40 சதவீதம் வரலையே.” நாற்பது சதவீதம் என்பது வேலைவாய்ப்பில் இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கான அளவுகோல். பிரிவு 20(4)-இல் அந்த எண்ணே கிடையாது. பட்டியலில் இருக்கும் குறைபாடுகளின் எண்ணிக்கையும் 7இலிருந்து 21 ஆகியிருக்கிறது. பார்க்கின்சன் நோய், தசைச் சிதைவு, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மனநோய் எல்லாம் அதில் உண்டு.

பட்டியலில் வராத குறைபாடு என்றால் கதவு மூடிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நிறக்குருடு காரணமாக வேலையை இழந்த தெலங்கானா அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் வழக்கில் 2025 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் மாற்றுப் பணி கொடுக்கச் சொன்னது. அங்கே கைகொடுத்தது தொழிற்சங்கத்தோடு நிர்வாகம் எப்போதோ போட்டிருந்த ஓர் உடன்படிக்கை. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டத்து ஓட்டுநர், நடத்துநர் யாராயினும் தங்கள் 12(3) ஒப்பந்தங்களை, அதாவது தொழில் தகராறுச் சட்டத்தின் அந்தப் பிரிவின்கீழ் சங்கங்களோடு நிர்வாகம் போட்ட உடன்படிக்கைகளைத் தேடி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. சங்க அலுவலகத்தில் பழைய பிரதி கிடைக்கும். அரசுக்குச் சொந்தமான கழகங்களும் வாரியங்களும் சட்டத்தின் பார்வையில் அரசு நிறுவனங்களே. போக்குவரத்துக் கழகம், மின்வாரியம், நுகர்பொருள் வாணிபக் கழகம், நகராட்சி எதுவும் விலக்கல்ல.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

2003 ஏப்ரல் 1க்கு முன் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு 1978ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகள் பொருந்தும். பத்து ஆண்டு தகுதியுள்ள பணிக்காலம் இருந்தால் மாத ஓய்வூதியம். அதற்குக் குறைவென்றால் ஒருமுறை பணிக்கொடை மட்டும். முழு ஓய்வூதியம், அதாவது கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி, 30 ஆண்டு பணிக்குத்தான். அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய், பணிக்காலம் 22 ஆண்டு, வயது 50 என்று வைத்துக்கொள்வோம். முழு ஓய்வூதியமான 30,000இல் 60க்கு 44 பங்கு, அதாவது 22,000 ரூபாயும் அகவிலைப்படியும் கிடைக்கும். அதே ஆள் மாற்றுப் பணியில் தொடர்ந்தால் 60 வயது வரை 60,000, ஆண்டு ஊதிய உயர்வு, அகவிலைப்படி எல்லாம் வரும். அதன் பிறகு ஓய்வூதியமும் முழுதாக, உயர்ந்த சம்பளத்தின் மேல் கணக்காகும்.

2003 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ சேர்ந்தவர்கள் 1978 விதிகளுக்குள் வரமாட்டார்கள். 2025 வரை நடந்த பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சம்பளத்தில் பிடித்த 10 சதவீதம், அரசு போட்ட அதே அளவுப் பங்கு, வட்டி ஆகியவையே கணக்கில் இருந்தன. இருபது வயதுகளில் சேர்ந்து நாற்பதுகளில் நோயில் விழுந்த ஒருவருக்கு இது எத்தனை நாள் தாங்கும்? இவர்களைப் பொறுத்தவரை பிரிவு 20(4)ஐ விட்டுக்கொடுப்பது பெரும் இழப்பு. எந்தத் தேதியில் சேர்ந்தவர், எந்த ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர் என்ற பேதம் அந்தப் பிரிவில் இல்லை.

“பையனுக்கு வேலை” என்ற கணக்கையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். மருத்துவ இயலாமையில் ஓய்வு பெற்றவரின் வாரிசு கருணை அடிப்படையில் பணி கேட்கலாம் என்பது உண்மை. ஆனால் ஊழியர் குறிப்பிட்ட வயதுக்குள் ஓய்வு பெற்றிருக்க வேண்டும், மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும், குடும்பம் வறிய நிலையில் இருப்பதாக வட்டாட்சியர் சான்று வேண்டும், கல்வித் தகுதி வேண்டும், முன்னுரிமைப் பட்டியலில் காத்திருக்க வேண்டும். அது உரிமை அல்ல, சலுகை என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. தகப்பனின் நிச்சயமான பத்தாண்டுச் சம்பளத்தை விட்டுவிட்டு மகனின் நிச்சயமில்லாத நியமனத்துக்குக் காத்திருப்பதை, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசாமல் முடிவுசெய்யக் கூடாது.

போர்டு எழுதும் இரண்டு வரி

மருத்துவக் குழு தானாக எதையும் ஆராய்வதில்லை. அனுப்பிய கடிதம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் எழுதும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சி என எந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினாலும் இதுதான் நடைமுறை. துறைத் தலைவர் அந்தக் கல்லூரி முதல்வருக்கு (டீனுக்கு) எழுதும் கடிதத்தில் “இவர் ஓட்டுநர் பணிக்குத் தகுதியானவரா?” என்று மட்டும் இருந்தால், “தகுதியற்றவர்” என்று ஒரே சொல்லில் பதில் வரும். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அலுவலகம் ஓய்வு ஆணை போட்டுவிடும். ஓட்டுநர் பணிக்குத் தகுதியற்றவர் என்பது வேறு, அரசுப் பணி எதற்குமே தகுதியற்றவர் என்பது வேறு. இந்த இடைவெளியில்தான் பெரும்பாலான வழக்குகள் ஜெயிக்கின்றன, தோற்கின்றன.

ஓய்வூதிய விதிகளின் மரபான மருத்துவச் சான்றுப் படிவத்திலேயே மூன்று வழிகள் இருக்கின்றன. எந்தப் பணிக்கும் முழுமையாகவும் நிரந்தரமாகவும் இயலாதவர் என்பது ஒன்று. தன் துறையின் பணிக்கு மட்டும் இயலாதவர் என்பது இரண்டாவது. உழைப்பு குறைந்த பணிக்குத் தகுதியானவர், அல்லது இத்தனை மாத ஓய்வுக்குப் பின் பணிக்குத் திரும்பலாம் என்பது மூன்றாவது. வேண்டாததை அடித்துவிட்டு வேண்டியதை வைக்க வேண்டும். அவசரத்தில் எதையும் அடிக்காமல் கையெழுத்தான சான்றுகளும் வரும். முதல் வாசகம் அப்படியே நிற்கும். படிவத்தில் இன்னொரு வரியும் உண்டு: இந்த இயலாமை ஒழுங்கற்ற அல்லது மிதமிஞ்சிய பழக்கங்களால் வந்ததல்ல என்ற உறுதி. ஈரல் கோளாறோ விபத்தோ என்றால், பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் மது குறித்து மருத்துவர் எழுதிய அரை வரி இங்கே வந்து நிற்கும். போர்டுக்கு முன்பே அதைப் படித்துப் பார்த்திருக்க வேண்டும்.

போர்டுக்கு எடுத்துப் போக வேண்டிய ஆவணம் நோயைப் பொறுத்தது. பக்கவாதத்துக்கு எம்.ஆர்.ஐ. படமும் நரம்பியல் மருத்துவரின் குறிப்புகளும், காதுக்கு ஆடியோகிராம், கண்ணுக்குப் பார்வைத் திறனோடு பார்வைப் புலச் சோதனையும், மனநோய்க்குத் தொடர் சிகிச்சைப் பதிவு. எல்லாவற்றிலும் தேதி தெளிவாக இருக்க வேண்டும். குறைபாடு பணிக்காலத்தில் வந்தது என்பதை நிறுவுவது அந்தத் தேதிகள்தான். யு.டி.ஐ.டி. அட்டையை, அதாவது மாற்றுத்திறனாளிக்கான தனி அடையாள அட்டையைத் தனியாக வாங்கி வைக்க வேண்டும். அது குறைபாட்டின் அளவைச் சொல்லும். போர்டு பணித் தகுதியைச் சொல்லும். ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்று நினைத்து அலைபவர்கள் நிறையப் பேர்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம், ஊழியர் தன் கைப்படக் கொடுக்கும் விண்ணப்பம். “என்னால் இனி எந்தப் பணியும் செய்ய இயலாது, எனவே மருத்துவ ஓய்வு வழங்குமாறு” என்று அலுவலக உதவியாளர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு மாற்றுப் பணி கேட்கும்போது அரசு வழக்கறிஞர் முதலில் எடுத்து நீட்டுவது அந்தத் தாளைத்தான். உண்மை அதுவல்ல என்றால் அப்படி எழுதவே கூடாது. வாசகம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்: “மேற்கண்ட உடல்நிலையால் தற்போதைய ஓட்டுநர் பணியைச் செய்ய இயலவில்லை. அமர்ந்து செய்யும் எழுத்துப் பணி, பதிவறைப் பணி, கிடங்குப் பணி ஆகியவற்றைச் செய்ய இயலும், தயாராக உள்ளேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 20(4)இன்படி அதே ஊதிய விகிதத்தில் மாற்றுப் பணியும், அதுவரை மிகைப் பணியிடத்தில் ஊதியமும் வழங்கக் கோருகிறேன். இது விருப்ப ஓய்வு விண்ணப்பம் அல்ல.” கடைசி வாக்கியம் சிறியதுதான், ஆனாலும் விட்டுவிடக் கூடாது.

நியமன அலுவலருக்கு முகவரியிட்டு, துறைத் தலைவருக்கு நகல் போட்டு, தபால் பிரிவில் முத்திரை வாங்கியோ ஸ்பீடு போஸ்ட்டில் பட்டுவாடா சான்றோடோ அனுப்ப வேண்டும். ந.க. எண் (அலுவலகக் கோப்பு எண்) கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மேலதிகாரியின் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன் என்பது கோப்பில் ஏறாது.

விடுப்புக் கணக்கு கரையும் விதம்

போர்டு “தகுதியற்றவர்” என்று எழுதிய நாளிலிருந்து மாற்றுப் பணி ஆணை வரும் வரை என்ன கணக்கு? பெரும்பாலான இடங்களில் ஊழியரை மருத்துவ விடுப்பு எழுதித் தரச் சொல்வார்கள். அது தீர்ந்ததும் ஈட்டிய விடுப்பு, அப்புறம் ஊதியமில்லா விடுப்பு. வேலை கொடுக்க வேண்டிய கடமை நிர்வாகத்துடையது, காத்திருக்கும் காலத்துக்கான செலவு மட்டும் ஊழியருடையது என்றாகிவிடுகிறது. போர்டு முடிவுக்குப் பிறகான நாட்களுக்கு விடுப்பு விண்ணப்பம் கொடுப்பதற்குப் பதிலாக, “பணிக்குத் தயாராக உள்ளேன், மாற்றுப் பணி ஒதுக்கவும்” என்ற கடிதத்தோடு அலுவலகத்தில் ஆஜராகி, அதற்கு ஒப்புகை வாங்குவதே சரி. விடுப்பைக் கழித்துவிட்டிருந்தால், மனுவில் அதைத் திரும்ப வரவு வைக்கும் கோரிக்கையைத் தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்க்காததை நீதிமன்றம் தானாகத் தராது.

வேறு மூன்று தவறான வாசல்கள் இருக்கின்றன. ராஜினாமா முதலாவது: எழுதிக் கொடுத்தால் அதுவரையான பணிக்காலமே போய்விடும். அடுத்தது விருப்ப ஓய்வு. நோயின் மனச்சோர்வில் எழுதிக் கொடுப்பார்கள். ஏற்பு ஆணை வந்தபின் பிரிவு 20(4) வாதம் மெலிந்துவிடும், கருணை நியமனக் கோரிக்கையும் நிற்காது. நோட்டீஸ் காலம் முடிவதற்குள், ஏற்பு வருவதற்கு முன் திரும்பப் பெறும் கடிதம் கொடுத்துவிட்டால் காப்பாற்ற வழியுண்டு. ஆகவே இதில் நாள் கடத்தாமல் அன்றைக்கே வக்கீலைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்குப் போகாமல் இருந்துவிடுவது. மனநோய் வழக்குகள் பெரும்பாலும் இந்த வடிவில்தான் வருகின்றன. ஊழியருக்குத் தன் நோயே தெரியாது, குடும்பம் கோயில் குளம் என்று அலையும், அலுவலகம் ஒழுங்கு நடவடிக்கை விதி 17(ஆ)இன்கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை அனுப்பும், பதில் போகாது, ஒருதலையாக விசாரணை முடிந்து பணிநீக்கம். பணிநீக்கம் என்றால் ஓய்வூதியமும் கிடையாது. சி.ஆர்.பி.எஃப். அலுவலர் ஒருவர் தொடர்பான ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது இங்கே முக்கியம். குற்றம்சாட்டப்பட்ட நடத்தைக்கு மனநலக் குறைபாடு ஒரு காரணமாக இருந்தாலே போதும், அதன் மீதான ஒழுங்கு நடவடிக்கை பாகுபாடாகும் என்றது அந்தத் தீர்ப்பு. குடும்பத்தார் செய்ய வேண்டியது, குறிப்பாணை வந்த உடனே சிகிச்சைப் பதிவுகளோடு எழுத்தில் பதில் கொடுப்பது. ஊழியரால் கையெழுத்திட முடியாவிட்டால் மனைவியோ மகனோ “இன்ன காரணத்தால் நான் எழுதுகிறேன்” என்று எழுதலாம். கோமாவில் இருப்பவருக்காக உயர் நீதிமன்றம் ரிட் மனுவில் பாதுகாவலரை நியமிப்பதும் உண்டு.

மதுரையா, சென்னையா

தமிழக அரசு ஊழியர்களுக்கு இப்போது தனி நிர்வாகத் தீர்ப்பாயம் இல்லை. நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான். காவிரி டெல்டா இங்கே இரண்டாகப் பிரிகிறது. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்கள் 2004 ஜூலையில் தொடங்கிய மதுரைக் கிளைக்குப் போகும். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் சென்னைக்கு. கும்பகோணத்துக்காரர் மதுரைக்குப் போக வேண்டும், அரை மணித் தூரத்தில் குத்தாலத்தில் இருப்பவர் சென்னைக்குப் போக வேண்டும். வசிக்கும் ஊரைவிட, ஆணை எங்கே பிறந்தது, எங்கே பணி செய்தார் என்பதே கணக்கு. நாகப்பட்டினம் பணிமனை ஓட்டுநருக்குக் கும்பகோணம் தலைமையகத்திலிருந்து ஆணை வந்திருந்தால் இரண்டு பக்கமும் வாதம் உண்டு. எங்கே தாக்கல் செய்வது என்று வக்கீலிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். பதிவகம் எல்லைக் கேள்வி எழுப்பித் திருப்பினால் வாரங்கள் வீண்.

தபால் துறை, வருமானவரித் துறை போன்ற மத்திய அரசு ஊழியர்கள், பொன்மலைப் பணிமனை உள்ளிட்ட ரயில்வே ஊழியர்கள், காரைக்காலில் உள்ள புதுச்சேரி அரசு ஊழியர்கள் ஆகியோருக்கு மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. அங்கே கெடு கறாரானது: இறுதி ஆணையிலிருந்து ஓராண்டு, மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம் பதில் வரவில்லையென்றால் அந்த ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு. விதிகளும் வேறு. பத்து ஆண்டுக்குக் குறைவான பணியிலேயே இயலாமை ஓய்வு பெற்ற மத்திய ஊழியருக்கும் ஓய்வூதியம் உண்டு என்று 2019 ஜனவரியில் விதி திருத்தப்பட்டது. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்கள், மரணமோ இயலாமையோ நேர்ந்தால் பழைய விதிப்படி பலன் வேண்டும் என்று முன்கூட்டியே விருப்பப் படிவம் கொடுக்க 2021ஆம் ஆண்டு விதி இடம் தருகிறது. அந்தப் படிவத்தைக் கொடுத்தோமா என்று பலருக்கு நினைவே இருப்பதில்லை. பணிப் பதிவேட்டில் பார்க்க வேண்டும். ராணுவ ஓய்வூதியம் முற்றிலும் வேறு கதை, அதற்கு ஆயுதப் படைத் தீர்ப்பாயம்.

நீதிமன்றத்துக்கு முன்பே தட்டிப் பார்க்கக்கூடிய கதவுகளும் இருக்கின்றன. ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும், புகாரை இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும் என்கிறது பிரிவு 23. மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் வெள்ளைத்தாளில் மனு கொடுக்கலாம், கட்டணமில்லை, வக்கீல் வேண்டியதில்லை. அவர் செய்வது பரிந்துரை. மூன்று மாதத்துக்குள் துறை என்ன செய்தது என்று பதில் சொல்ல வேண்டும். ஆனால் ஓய்வு ஆணைக்குத் தடை போடும் அதிகாரம் அவருக்கு இல்லை. எனவே வேலை பறிபோகும் நிலையில் ஆணையரை மட்டும் நம்பிக் காத்திருப்பது சரியல்ல. தகவல் உரிமைச் சட்டம் இதைவிடப் பயனுள்ள கருவி. பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, போர்டுக்கு அனுப்பிய கடிதம், போர்டின் முழு அறிக்கை, அதே ஊதிய நிலையில் காலியாக உள்ள இடங்களின் பட்டியல், இதற்கு முன் யார் யாருக்கு எந்தப் பதவியில் மாற்றுப் பணி கொடுத்தார்கள் என்ற விவரம் ஆகிய நான்கையும் கேட்டால், முப்பது நாளில் வருகிற பதிலே மனுவின் முதுகெலும்பாகும்.

வக்கீல் பிடிப்பதும் பிடித்த பிறகும்

ஊரில் நிலத் தகராறு பார்த்த குடும்ப வக்கீல் நல்லவராக இருக்கலாம். ஆனால் இது சர்வீஸ் வழக்கு, உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டுப் பழகியவர் வேண்டும். பணம் இல்லை என்பது தடையல்ல. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987, பிரிவு 12இன்படி மாற்றுத்திறனாளிக்கு இலவச சட்ட உதவி பெற வருமான வரம்பே கிடையாது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் அப்படியே. சம்பளக்காரர்களுக்கு இல்லை என்று திருப்பி அனுப்பினால் இந்தப் பிரிவைக் காட்டலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ தாலுகா அளவிலான வட்டக் குழுவிலோ குறைபாட்டுச் சான்றின் நகலோடு விண்ணப்பித்தால், உயர் நீதிமன்றக் குழுவுக்கு அனுப்புவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். கொடுத்த வக்கீல் அக்கறை காட்டவில்லையென்றால் மாற்றித் தரக் கேட்கும் உரிமையும் உண்டு. கேட்கத் தயங்குகிறவர்கள்தான் அதிகம்.

கட்டணத்துக்கு வக்கீல் வைத்தால், மொத்தத் தொகை எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு, மேல்முறையீடு அதில் சேர்த்தியா என்பதை எழுதி வாங்க வேண்டும். அசல் ஆவணங்களைக் கொடுக்க வேண்டாம், நகல் போதும். பிரமாணப் பத்திரம் ஆங்கிலத்தில் இருக்கும். ஒவ்வொரு பத்தியையும் தமிழில் சொல்லக் கேட்டு, தேதிகளைச் சரிபார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். நோய் தொடங்கிய தேதி ஒரு பக்கம் மார்ச், இன்னொரு பக்கம் மே என்றிருந்தால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

“கேஸ் போட்டாச்சு” என்று வக்கீல் சொன்னால், என்ன எண் என்று கேட்க வேண்டும். தாக்கல் செய்தவுடன் கிடைப்பது எஸ்.ஆர். எண், அது தற்காலிகமானது. பதிவகம் குறைகளைப் பார்த்துத் திருப்பும், சரிசெய்து திரும்பக் கொடுத்த பிறகே டபிள்யு.பி. எண், அதாவது ரிட் மனு எண் விழும், மதுரையென்றால் அதோடு எம்.டி. என்று சேரும். எஸ்.ஆர். எண்ணிலேயே மாதக்கணக்கில் கிடக்கும் கட்டுகள் இருக்கின்றன. டபிள்யு.பி. எண் வந்துவிட்டால் உயர் நீதிமன்ற இணையதளத்தில் நீங்களே நிலவரம் பார்க்கலாம்.

கோரிக்கை வாசகத்தில்தான் அடுத்த பள்ளம். “மனுதாரரின் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிட வேண்டும்” என்று மட்டும் கேட்டால் முதல் விசாரணையிலேயே இத்தனை வாரத்துக்குள் பரிசீலிக்கவும் என்று ஆணை கிடைத்துவிடும். வீட்டில் இனிப்பு கொடுப்பார்கள். துறை பரிசீலித்து, “காலியிடம் இல்லை” என்று நிராகரிக்கும். மறுபடி புதிய ரிட். ஓய்வு ஆணையை ரத்து செய்யவும், மாற்றுப் பணி, பணித் தொடர்ச்சி, நிலுவைச் சம்பளம், விடுப்பு வரவு ஆகியவற்றைக் கொடுக்கவும் நேரடியாகக் கேட்க வேண்டும். ஒருவேளை மாற்றுப் பணிக் கோரிக்கை ஏற்கப்படாவிட்டால் இயலாமை ஓய்வூதியத்தைக் குறித்த காலத்துக்குள் நிர்ணயிக்கவும் என்று மாற்றுக் கோரிக்கையும் சேர்க்க வேண்டும்.

தாமதம் தனி ஆபத்து. தமிழ்நாடு சுரங்கத் துறை ஊழியர் ஒருவர் பணிநீக்கத்துக்குப் பதினெட்டு ஆண்டு கழித்து மனு கொடுத்துப் பரிசீலனை ஆணையும் வாங்கிய சி. ஜேக்கப் வழக்கில், பழைய கோரிக்கைக்குப் புது நிராகரிப்பு உயிர் கொடுத்துவிடாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. ஓய்வூதியம் மாதாமாதம் தொடரும் பாதிப்பு என்பதால் அதில் கொஞ்சம் இளக்கம் உண்டு. அதே ஆண்டின் தர்சேம் சிங் வழக்கில், தாமதமாக வந்தவருக்கும் ஊன ஓய்வூதியம் கிடைத்தது. நிலுவை மட்டும் ரிட் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டோடு நின்றது.

ஆணை வந்தபின்

மாற்றுப் பணி ஆணை வந்தால் மகிழ்ச்சியில் சேர்ந்துவிடுவதற்கு முன் ஊதிய வரியைப் படிக்க வேண்டும். ஓட்டுநரை உதவியாளராகப் போட்டு உதவியாளருக்கான ஊதிய நிலையிலேயே நிர்ணயிப்பது சகஜமாக நடக்கிறது. சட்டம் அதே ஊதிய விகிதத்தைச் சொல்கிறது. வேலையில் சேருங்கள், ஆனால் “ஊதிய நிர்ணயத்துக்கு ஆட்சேபணையுடன்” என்று சேர்க்கை அறிக்கையிலேயே எழுதிக் கொடுங்கள். பணிப் பதிவேட்டில் மாற்றுப் பணி, இடைப்பட்ட காலத்தின் முறைப்படுத்தல், விடுப்பு வரவு மூன்றும் பதிவாகி, அரசின் சம்பளக் கணக்குக்கான களஞ்சியம் மென்பொருளிலும் ஏறினால்தான் சம்பளப் பட்டியல் நகரும். ஓய்வூதியம் என்றால் கருத்துரு சென்னையில் மாநிலக் கணக்காயர் அலுவலகம் போய், அங்கிருந்து கருவூலத்துக்கு வரும். பணிப் பதிவேட்டில் ஒரு சரிபார்ப்புக் கையெழுத்து விடுபட்டிருந்தாலும் திரும்பி வந்துவிடும்.

தனி நீதிபதியின் தீர்ப்பு பாதகமாக இருந்தால் ரிட் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள். சாதகமாக இருந்தும் துறை அசையவில்லையென்றால், சான்றிட்ட நகலை இணைத்து ஒரு நினைவூட்டு, அதன்பின் வக்கீல் நோட்டீஸ், அதன்பின் நீதிமன்ற அவமதிப்பு மனு. நிறைவேற்றக் கொடுத்த கெடு முடிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் அந்த மனுவைப் போட்டாக வேண்டும். “ஃபைல் மேலிடத்தில் இருக்கிறது, அடுத்த மாதம் வந்துவிடும்” என்று பிரிவு எழுத்தர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே அந்த ஓராண்டைத் தாண்டிவிட்டவர்கள், ஜெயித்த தீர்ப்பை நிறைவேற்ற இன்னொரு ரிட் போட வேண்டியிருக்கும்.